ஸ்டீராய்டு ஏற்றும் முன்பே ரத்தம் எடுத்துவிடுங்கள்: எம்எஸ் பரிசோதனைகளில் நான் பட்ட பாடு

“ஒரு எம்ஆர்ஐ எடுத்துட்டா தெரிஞ்சிரும்” என்றுதான் கண் டாக்டரிலிருந்து கீழ்வீட்டு அக்கா வரைக்கும் எல்லோரும் சொன்னார்கள். எடுத்தேன், தெரியவில்லை. வேறு இடத்தில் எடுத்தேன், ஏதோ இருக்கிறது, ஆனால் என்ன என்று சொல்ல முடியாது என்றார்கள். எனக்கு வந்திருப்பது மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்எஸ்) என்று ஒரு டாக்டர் உறுதியாகச் சொல்லும்போது ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிப்போயிருந்தது, சேமிப்பில் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கரைந்திருந்தது. எம்எஸ் ஒரே நாளில் பிடிபடுகிற நோய் இல்லை, அது இப்போது புரிகிறது. ஆனால் போன பணத்தில் பெரும்பகுதி, செய்த பரிசோதனையையே திரும்பச் செய்ததற்குப் போனது. எதை முதலில் எடுக்க வேண்டும், எதோடு எதைச் சேர்த்து எடுக்க வேண்டும் என்ற வரிசை தவறியதால் வந்த செலவு அது. யாராவது ஆரம்பத்திலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். கீழே இருப்பதையெல்லாம் உங்கள் நரம்பு டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2023 பிப்ரவரியில் வலது கண்ணில் ஆரம்பித்தது. கண்ணை உருட்டினால் உள்ளே பிடித்து இழுக்கிற வலி, இரண்டு நாளில் பார்வையின் நடுப்பகுதி மங்கல். நிறம் மாறியதைப் பார்த்துத்தான் நிஜமாகவே பயந்தேன். மேசை மேல் ஒரு சிவப்புத் துணிச் சாம்பிள் கிடந்தது. இடது கண்ணால் பார்த்தால் நல்ல அழுத்தமான சிவப்பு, வலது கண்ணால் பார்த்தால் பல தடவை துவைத்து வெளுத்துப்போன நிறம். மருந்துக் கடையில் சொட்டு மருந்தோடு “வீக்கம் குறையும்” என்று ஸ்டீராய்டு மாத்திரையும் எடுத்து வைத்தார்கள். தெரியாத மாத்திரை வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அது நல்லதாகப் போயிற்று. பார்வை நரம்பு அழற்சிக்கு என்ன சிகிச்சை என்று அமெரிக்காவில் செய்து 1992-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், வழக்கமான அளவு ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அழற்சி திரும்ப வருவது கூடியிருந்தது. கண்ணை அசைத்தால் வலியும் நிறம் வெளுப்பதும் சேர்ந்து வந்தால் கடையில் மாத்திரை வாங்காதீர்கள், நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே டாக்டர் டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார். வலது கண்ணுக்கு வெளிச்சம் வரும்போது பாப்பா சுருங்காமல் விரிகிறது, விழித்திரையில் ஒன்றும் இல்லை, பின்னாலிருக்கும் நரம்பில்தான் கோளாறு என்று அந்த ஒரு நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். அந்த வருடம் முழுக்க எனக்குக் கிடைத்த தெளிவான பதில்களில் அதுவும் ஒன்று.

முதல் ஸ்கேன் சீட்டில் “எம்ஆர்ஐ பிரெய்ன்” என்று மட்டும் எழுதியிருந்தது. கான்ட்ராஸ்ட் ஊசி இல்லை, கண்குழிப் பகுதி இல்லை, தண்டுவடம் இல்லை. 5,500 ரூபாய். பக்கவாதமா, கட்டியா என்று பார்க்க எடுக்கிற பொதுவான ஸ்கேன் அது, ஒவ்வொரு படமும் 5 மில்லிமீட்டர் தடிமன். ரிப்போர்ட்டில் “குறிப்பிட்டுச் சொல்ல முடியாத சில வெண்புள்ளிகள்” என்று வந்தது. ரூமில் தனியாக உட்கார்ந்து இரவு இரண்டு மணி வரை அந்த ஒரு வரியையே தேடித் தேடிப் படித்தேன். மைக்ரேனிலும் வரும், வயதானாலும் வரும், ரத்த அழுத்தத்தாலும் வரும், எம்எஸ்ஸாலும் வரும் என்று போட்டிருந்தது. அம்மா தாராபுரம் பக்கம் ஊரில் இருக்கிறார், அவரிடம் கண்ணில் சின்ன வீக்கம் என்று மட்டும் சொன்னேன்.

பின்னால் கோவையில் ஒரு நரம்பு டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் படத்தை நகர்த்திக் காட்டிய பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. எம்எஸ்ஸில் நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. தாக்கிய இடம் ஃபிளேர் என்ற வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். எத்தனை புள்ளி என்பதைவிட எங்கே இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளை ஒட்டி, மேல் மடிப்புகளை ஒட்டி, மூளைத்தண்டு அல்லது சிறுமூளையில், தண்டுவடத்தில் என்று நான்கு இடங்கள். மெக்டொனால்ட் விதிகள் என்று டாக்டர்கள் சொல்வதன் 2017 திருத்தத்தின்படி, இவற்றில் குறைந்தது இரண்டு இடங்களிலாவது பாதிப்பு தெரிய வேண்டும். நீர் அறைகளிலிருந்து செங்குத்தாக நீட்டிக்கொண்டு நிற்கும் நீள்வட்டப் புள்ளிகளுக்கு டாசன் விரல்கள் என்று பெயர், 1916-ல் ஸ்காட்லாந்தில் அவற்றை விவரித்த டாசனின் பெயரில். பக்கவாட்டுக் கோணத்தில் மெல்லிய படமாக எடுத்தால்தான் அவை கண்ணுக்குத் தட்டுப்படும். என்னுடைய படங்கள் 5 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் பாதிப் புள்ளிகள் அவற்றில் தெரியாமல் போயிருந்தன. அதனால் எம்எஸ் சந்தேகம் என்று வாயில் வந்துவிட்டால், ஸ்கேன் புக் செய்யும் முன்பே போன் போட்டுக் கேளுங்கள்: எம்எஸ்ஸுக்கான முறையில் எடுப்பார்களா, முப்பரிமாண ஃபிளேர் உண்டா, படத்தின் தடிமன் எவ்வளவு, அதே அமர்வில் தண்டுவடமும் எடுக்க முடியுமா. டாக்டர் சீட்டில் “டிமைலினேஷன் சந்தேகம்”, அதாவது மயலின் உறை சிதைவு இருக்கலாம், என்று எழுதித் தரச் சொல்லுங்கள். காரணம் எழுதாத சீட்டுக்கு ஸ்கேன் சென்டரில் அவர்கள் வழக்கப்படி எடுத்துத் தந்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று, பிலிம் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பெரிய கவரில் பிரின்ட் போட்டுத் தரும் பிலிமை வைத்து எந்த டாக்டரும் பழையதையும் புதியதையும் ஒப்பிட முடியாது. சிடியிலோ பென்டிரைவிலோ, டைகாம் என்ற ஸ்கேனின் மூலக் கணினி வடிவில் முழு டேட்டாவும் வேண்டும். முதல் சென்டரில் நான் ஐந்து மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது “சர்வர்ல அழிஞ்சிருச்சுங்க மேடம்” என்றார்கள். அந்தப் படங்கள் இருந்திருந்தால் எந்தப் புள்ளி பழையது, எது புதியது என்று அப்போதே தெரிந்திருக்கும். அந்த ஒரு பதிலுக்காக நான் இன்னும் பல மாதம் காத்திருக்க வேண்டி வந்தது.

கண்ணுக்கு முதல் முறை ஸ்டீராய்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள், மெத்தில்பிரெட்னிசோலோன் தினம் 1 கிராம், ஐந்து நாள். வாயெல்லாம் இரும்புக் கசப்பு, தூக்கமே இல்லை, நெஞ்சு படபடவென்று அடித்தது. பார்வை மெல்லத் திரும்பியது, சந்தோஷமாக வேலைக்குப் போனேன். ஜூலையில் காலிலிருந்து மரத்துப்போக ஆரம்பித்து இடுப்பு வரை ஏறியது. குனிந்து செருப்பு மாட்டும்போது கழுத்திலிருந்து முதுகு வழியாக கரண்ட் அடித்த மாதிரி ஓடியது. ஒரு ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலமே சேர்த்துவிட்டார்கள். அட்மிஷன் ஃபாரத்தில் உடன் வந்தவர் கையெழுத்து என்று ஒரு கட்டம். “அட்டெண்டர் யாருங்க அம்மணி?” என்று நர்ஸ் அக்கா கேட்டார், “நான் மட்டும்தாங்க அக்கா” என்றேன். கடைசியில் ஆபீஸில் கூட வேலை செய்கிற தம்பி ஒருவன் வந்து போட்டான். நோய் என்னவாக இருக்கும் என்ற பயத்தைவிட அந்தக் காலியான கட்டம்தான் அன்றைக்கு என்னை அழ வைத்தது.

வரிசை தப்பியது அந்த ராத்திரிதான். சேர்ந்த உடனே ஸ்டீராய்டு ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை, கான்ட்ராஸ்ட் ஸ்கேன், முதுகு நீர் எல்லாம் “அப்புறம் பாத்துக்கலாம்”. ஸ்டீராய்டு தருவதே தவறு என்று நான் சொல்லவில்லை, கால் மரத்து ஏறும்போது சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் டிரிப்ஸ் ஊசி ஏற்றும் அதே கையில், அதே நேரத்தில், இரண்டு குழாய் ரத்தம் எடுத்து வைக்க ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாததால் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

முதலாவது கான்ட்ராஸ்ட். கையில் போடும் கடோலினியம் ஊசி, இப்போது அழற்சி நடந்துகொண்டிருக்கும் புள்ளிகளை மட்டும் பளிச்சென்று காட்டும். பழைய புள்ளி ஒளிராது, புதுப் புள்ளி ஒளிரும். இரண்டும் ஒரே ஸ்கேனில் தெரிந்தால், நோய் வெவ்வேறு காலத்தில் தாக்கியிருக்கிறது என்று அந்த ஒரே படத்திலேயே நிரூபணம். அந்த ஒளிர்வு சில வாரங்கள்தான் இருக்கும், ஸ்டீராய்டு போனால் இன்னும் சீக்கிரம் அடங்கிவிடும். எனக்குக் கான்ட்ராஸ்ட் எடுத்தது ஸ்டீராய்டு முழுக்க ஏற்றி முடித்த பிறகு. 9,000 ரூபாய் மூளைக்கு, 12,000 தண்டுவடத்துக்கு, ஒன்றும் ஒளிரவில்லை. ரிப்போர்ட்டில் “தீவிர அழற்சி இல்லை” என்று இருந்ததை நான் நல்ல செய்தி என்று நினைத்து அம்மாவுக்குப் போன் செய்தேன்.

இரண்டாவது, ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ரத்தப் பரிசோதனை. எம்எஸ் மாதிரியே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறு நோய்கள் இரண்டு இருக்கின்றன, ஒன்று அக்வாபோரின்-4 ஆன்டிபாடியால் வரும் நியூரோமைலிடிஸ் ஆப்டிகா, இன்னொன்று மாக் (MOG) ஆன்டிபாடி நோய். 2004-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு இவற்றில் முதலில் சொன்ன நோயின் ஆன்டிபாடியைக் கண்டுபிடிக்கும் வரை நியூரோமைலிடிஸை எம்எஸ்ஸின் ஒரு வகை என்றே பலர் நினைத்திருந்தார்கள். பிரித்தறிவது ஏன் உயிர்ப் பிரச்சினை என்றால், எம்எஸ்ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட், நட்டாலிசுமாப் ஆகியவை நியூரோமைலிடிஸ் உள்ளவருக்குப் போனால் நோயை மோசமாக்கக்கூடும். எனக்கு இந்தப் பரிசோதனையை ஸ்டீராய்டுக்குப் பிறகு, அதுவும் எலிசா முறையில் அனுப்பினார்கள். இல்லை என்று வந்தது. கோவை டாக்டர் அந்தத் தாளைப் பார்த்ததும் முதல் கேள்வியே, “இது செல் பேஸ்டு அஸ்ஸேவாம்மா, எலிசாவா?” உயிருள்ள அல்லது பதப்படுத்திய செல்களின் மேல் ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று பார்க்கும் செல் பேஸ்டு முறைதான் நம்பகமானது, எலிசாவில் தவறவிடுவதும் உண்டு, இல்லாததை இருக்கிறது என்று காட்டுவதும் உண்டு. மறுபடி 7,000 ரூபாய். லேபில் கொடுக்கும் முன் “எந்த முறை?” என்ற ஒரே கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டால் இந்தச் செலவு மிச்சம். மாக் ஆன்டிபாடி மிகக் குறைந்த அளவில் பாசிட்டிவ் வந்தால் அதை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது என்றும் சொன்னார். பிளாஸ்மா மாற்று சிகிச்சை கொடுப்பதாக இருந்தால் ரத்தம் கண்டிப்பாக அதற்கு முன்பே எடுத்தாக வேண்டும், ஏனென்றால் அந்தச் சிகிச்சையே ஆன்டிபாடியை வடித்து எடுப்பதுதான்.

மூன்றாவதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஒருக்களித்துப் படுத்து முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், முதுகில் ஸ்பிரிட் சில்லென்று பட்டது, மரக்க ஊசி எரிந்தது, அப்புறம் ஒரு அழுத்தம், அவ்வளவுதான். கண்ணாடி மாதிரி தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக சின்னக் குப்பிகளில் விழுந்தது. ஒலிகோகுளோனல் பேண்ட் என்ற பரிசோதனைக்கு அது போனது. மூளைக்குள்ளேயே எதிர்ப்புப் புரதம் உற்பத்தியாகிறதா என்பதை அது காட்டும். அதற்கு முதுகு நீரையும் அன்றே எடுத்த ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்ட வேண்டும். நீரில் இருக்கிற பட்டைகள் ரத்தத்திலும் இருந்தால் அவை வெளியிலிருந்து வந்தவை, நீரில் மட்டும் இருந்தால் மூளைக்குள் உற்பத்தியானவை. எனக்கு ரத்தம் எடுக்கவே இல்லை. ரிப்போர்ட் வந்தபோது “பட்டைகள் உள்ளன, இணை ரத்த மாதிரி இல்லாததால் விளக்கம் தர இயலாது” என்று ஒரு வரி. 6,000 ரூபாய் போனது போகட்டும், மிச்ச நீரும் இல்லை, மறுபடி முதுகில் குத்த வேண்டும் என்றார்கள்.

அந்த முதல் ஊசிக்குப் பிறகு வந்த தலைவலியை மறக்க முடியாது. படுத்தால் ஒன்றும் இல்லை, எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும். ஒரு வாரம் கழிவறைக்குத் தவிர எழுந்திருக்கவில்லை, வேலைக்குப் போகாததால் சம்பளம் பிடித்தார்கள். இரண்டாவது முறை கோவையில் கேட்டபோதுதான் தெரிந்தது, முனை கூராக வெட்டாமல் பென்சில் முனை போல இருக்கும் ஊசியில் எடுத்தால் இந்தத் தலைவலி வருவது நன்றாகக் குறையும் என்று. அப்படியே எடுத்தார்கள், எனக்குத் தலைவலி வரவில்லை. இதைக் கேட்டு வாங்குங்கள். தலைவலி வந்து சில நாளில் தணியவில்லை என்றால் சும்மா பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள், சொந்த ரத்தத்தையே முதுகில் சிறிதளவு செலுத்தி அந்தத் துளையை அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. முதுகு நீர் எடுக்கிற அன்றைக்கு எப்படியாவது ஒரு ஆளைக் கூட அழைத்துப் போங்கள். நீர் எடுத்து முடித்ததும் பக்கத்தில் நிற்கும் லேப் தம்பியிடம் “ரத்தமும் எடுத்துக்கிட்டீங்களா தம்பி?” என்று அந்த ஆள் கேட்டால் போதும்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் பட்டைகள் நீரில் மட்டும் இருந்தன, ரத்தத்தில் இல்லை. 2017 திருத்தப்படி, முதல் தாக்குதலும் இரண்டு இடத்துப் புள்ளிகளும் இருந்தாலே போதும், இன்னொரு தாக்குதலுக்குக் காத்திருக்காமல் இந்தப் பட்டைகளையே காலச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். என்னுடைய முதல் பிப்ரவரியிலேயே சரியான ஸ்கேனும் இந்தப் பரிசோதனையும் நடந்திருந்தால் ஜூலையில் கால் மரத்தது தவிர்ந்திருக்குமோ என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது. மேலைநாட்டு நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்தப் பட்டைகள் இருக்கும் என்கிறார்கள், இந்தியாவில் அதைவிடக் குறைவாகத்தான் பதிவாகியிருக்கிறது, அதனால் பட்டை இல்லாததை வைத்து எம்எஸ் இல்லை என்று யாரும் சொன்னால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள். இப்போது விதிகள் இன்னும் மாறியிருக்கின்றன. 2024 திருத்தத்தில் பார்வை நரம்பை ஐந்தாவது இடமாகச் சேர்த்துவிட்டார்கள், பட்டைகளுக்குப் பதிலாக கப்பா ஃப்ரீ லைட் செயின் என்ற புரத அளவையும் ஏற்கிறார்கள், புள்ளியின் நடுவில் ஒரு சிறு ரத்தக்குழாய் ஓடுகிறதா என்று பார்க்கும் அடையாளத்தையும் சேர்த்திருக்கிறார்கள். கண்ணில் ஆரம்பிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

நடுவில் டிபி சந்தேகம் ஒன்று வந்துபோனது. நம் ஊரில் அதை விலக்காமல் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து தர முடியாது, அது நியாயம்தான். நெஞ்சு சிடி, எச்ஐவி, சிஃபிலிஸ், வைட்டமின் பி12 எல்லாம் பார்த்தார்கள். பி12 குறைவும் தண்டுவடத்தைப் பாதித்து எம்எஸ் மாதிரி காட்டும், மலிவான பரிசோதனை, முதலிலேயே முடித்துவிடுங்கள். ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனை லேசாகப் பாசிட்டிவ் வந்து, லூபஸ் என்ற வேறொரு எதிர்ப்பு சக்தி நோயோ என்று ஒரு மாதம் தூக்கம் கெட்டது. நோயே இல்லாதவர்களுக்கும் அது குறைந்த அளவில் பாசிட்டிவ் வரும் என்று யாராவது அன்றே சொல்லியிருக்கலாம். வாதநோய் டாக்டரைப் பார்த்துத் தெளிவுபடுத்திக்கொண்டேன்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கேனும் முதுகு நீரும் எடுப்பதற்காக மட்டும் அட்மிட் ஆனதற்கு நான் போட்ட கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. பரிசோதனைக்காக மட்டும் சேர்வது எல்லா பாலிசிகளிலும் பொதுவாக இருக்கும் விலக்கு, குறியீடு எண் 04. ஸ்டீராய்டு ஏற்றச் சேர்ந்தபோது அதே அட்மிஷனில் எடுத்த பரிசோதனைகளுக்குப் பணம் வந்தது. அதனால் சிகிச்சைக்காகச் சேரும்போதே தேவையான பரிசோதனைகளையும் எடுத்துவிட முடியுமா என்று டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியில் சிகிச்சை தெளிவாக எழுதியிருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் படித்துப் பாருங்கள். கம்பெனி குரூப் பாலிசியில் இருப்பவர்கள் வேலையை விடும் முன் அதைத் தனிநபர் பாலிசியாக மாற்ற வழியிருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம்.

மருந்து ஆரம்பித்த பிறகும் ஸ்கேன் விடாது. எனக்கு ரிட்டுக்சிமாப் கொடுக்கிறார்கள், எம்எஸ்ஸுக்கென்று அனுமதி பெற்ற மருந்து இல்லை என்றாலும் விலை காரணமாக நம் நாட்டில் பரவலாகத் தருகிறார்கள். ஆரம்பிக்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம், மேல்புற ஆன்டிஜென் மட்டும் போதாது, கோர் ஆன்டிபாடியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய தொற்று உறங்கிக்கொண்டிருந்தால் இந்த மருந்து அதை எழுப்பிவிடும். இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதங்களின் அளவையும் அப்போதே எடுத்து வையுங்கள், பின்னால் குறைகிறதா என்று ஒப்பிட அதுதான் ஆதாரம். போட வேண்டிய தடுப்பூசிகளை முதலில் போட்டுவிடுங்கள், மருந்துக்குப் பிறகு அவை சரியாகப் பிடிக்காது. நட்டாலிசுமாப் என்றால் ஜேசி வைரஸ் ஆன்டிபாடி பார்ப்பார்கள், டைமெதில் ஃபியூமரேட் என்ற மருந்து என்றால் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை.

மருந்து தொடங்கி மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்து அதையே புதிய அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2021-ல் ஐரோப்பிய, வட அமெரிக்க நிபுணர் குழுக்கள் சேர்ந்து வழிகாட்டியிருக்கின்றன. மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும் முன்பே வந்த புள்ளியை மருந்தின் தோல்வி என்று எண்ணி மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. அதன்பின் வருடம் ஒன்று, முடிந்தவரை அதே இயந்திரத்தில், அதே முறையில். ஒவ்வொரு முறையும் கான்ட்ராஸ்ட் தேவையில்லை. கடோலினியம் கொஞ்சம் மூளையில் தங்குகிறது என்று தெரிந்ததால் 2017-ல் ஐரோப்பிய மருந்து முகமை சில நேர்வடிவ வகைகளை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது, வளைய வடிவ வகைதான் மேல் என்கிறார்கள். எடுக்கும்போது சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனை பார்த்துவிட்டு, எந்த வகை என்று கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். போன வருடம் ஒரு சென்டரில் ஆஃபர் விலை என்று தோழி சொன்னார், நான் மாறவில்லை. 1.5 டெஸ்லா காந்த சக்தியுள்ள இயந்திரத்தில் தெரியாத புள்ளி 3 டெஸ்லா இயந்திரத்தில் தெரிந்தால் அது புதிதா, பழையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

பணம் வீணாகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். இபிவி (எப்ஸ்டீன்-பார்) வைரஸ் ஆன்டிபாடி பார்க்கச் சொல்லிச் சிலர் பேக்கேஜ் விற்கிறார்கள். 2022-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட ராணுவத்தினரின் பதிவுகளைப் பார்த்து, அந்த வைரஸ் தொற்றிய பிறகு எம்எஸ் அபாயம் 32 மடங்கு கூடுவதைக் காட்டியது, உண்மைதான். ஆனால் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த ஆன்டிபாடி இருக்கும், அவர்களில் மிகச் சிலருக்கே எம்எஸ் வரும். பாசிட்டிவ் என்று ஒரு தாள் கையில் வருவதால் சிகிச்சையில் ஒன்றும் மாறாது. எனக்கு ஏன் வந்தது என்ற கேள்வி ராத்திரியெல்லாம் குடையும், தெரியும், எனக்கும் குடைந்தது, ஆனால் அந்தப் பரிசோதனை அதற்குப் பதில் சொல்லாது. ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் அளவு பார்ப்பதும் இப்போது வந்திருக்கிறது. நரம்பிழை சிதையும்போது அந்தப் புரதம் ரத்தத்தில் கசியும், ஆராய்ச்சியில் நல்ல குறி. ஆனால் வயது கூடினாலும் ஏறும், தலையில் அடிபட்டாலும் ஏறும், ஒரே ஒரு அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் டாக்டர் கேட்டால் மட்டும் எடுங்கள்.

ஏப்ரல் வெயிலில் ஒரு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தபோது வலது கண் மறுபடி மங்கியது. பதறிப்போய் அன்றே போய் ஒரு ஸ்கேன், 9,000 ரூபாய், புதிதாக ஒன்றும் இல்லை. உடம்புச் சூடு ஏறும்போது ஏற்கெனவே பாதித்த நரம்பு தற்காலிகமாகத் தடுமாறும், இதை 1890-லேயே ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் விவரித்திருக்கிறார். குளிர்ந்த இடத்துக்கு வந்ததும் சரியாகிவிடும். எம்எஸ் உள்ள பலருக்கு நம் ஊர் வெயிலில் இது வரும். பழைய அறிகுறி திரும்பினால் முதலில் காய்ச்சல் இருக்கிறதா பாருங்கள், சிறுநீரில் தொற்று இருக்கிறதா பரிசோதியுங்கள். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் அதைத் தாக்குதலாக எடுத்துக்கொள்வார்கள், அப்போது தாமதிக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் எண்ணிக்கையைக் கணக்குப் புத்தகம் மாதிரி எழுதி வைத்தேன், ஒன்று கூடினால் சாப்பாடு இறங்காது. புள்ளி நிறைய இருந்தும் நன்றாக நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள், தண்டுவடத்தில் ஒன்றே ஒன்று இருந்து நடக்கச் சிரமப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அம்மாவிடம் கடைசியில் சொன்னபோது அவர் அழவில்லை, “கல்யாணத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம் கண்ணு, மொதல்ல ஊசி என்னிக்குன்னு சொல்லு” என்றார். முதல் மாதமே சொல்லியிருந்தால் அந்த அட்மிஷன் ஃபாரத்தில் அவரே கையெழுத்துப் போட்டிருப்பார்.

கடைசியாக, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்றளித்தால் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் அரசுச் சலுகைகளும் கிடைக்கும். அதற்கும் எம்ஆர்ஐ ரிப்போர்ட், முதுகு நீர் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோவது நல்லது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது, இதே நோயுள்ளவர்களோடு பேச விரும்பினால் அங்கே தொடர்புகொள்ளலாம். நான் எல்லாத் தாளையும் தேதி வாரியாக ஒரு ஃபைலிலும், ஸ்கேன் டேட்டாவை இரண்டு பென்டிரைவிலும் வைத்திருக்கிறேன், ஒன்று என்னிடம், இன்னொன்று அம்மாவிடம்.